பதினோராவது கட்டம்

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ, அத்தான், வாலு மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் நேரே விஷயத்துக்கு வருகிறேன். எழுதக் கை பரபரக்கிறது. என் ஒப்பந்தம் பதினைந்தாம் தேதியோடு முடிகிறது. புறப்படுகிறேன்!

இந்த நாட்டுக்குள் வருவதைவிட வெளியே போவதுதான் பெரும்பாடு. குடியேற்ற ஆபீசில் ‘இவன் போகலாம்’ என்று முத்திரை குத்தினால்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். அந்த முத்திரைக்கு முன்னால் கம்பெனி ஒரு கிளியரன்ஸ் பாரம் தருகிறது. பதினொரு கட்டம், கட்டத்துக்கு ஒரு கையெழுத்து. சமையற்கூடம், மருந்தறை, தீயணைப்பு, ஸ்டோர் என்று நீளுகிறது. நாலு வருஷமாக இந்தச் சலவை ஆலையில் பாய்லர் பார்க்கிறேன், இத்தனை பெரிய மனிதர்கள் இங்கே இருப்பது இப்போதுதான் தெரிகிறது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் முப்பது நாள்தான் ஆயுள். அதற்குள் பதினொன்றும் சேராவிட்டால் எல்லாம் செத்துப்போகும், மறுபடி முதலிலிருந்து.

ஸ்டோர்காரர் நம்ம பாஷைக்காரர்தான். நாங்கள் வைத்த பேர் பூதக்கண்ணாடி. “மெத்தை, கம்பளி, தலையணை மூணும் வந்தாத்தான் கையெழுத்து. ஊருக்குப் போறவனுக்குத் தலையணை எதுக்குய்யா?” என்று வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு நாளாக என் துணிப்பையைத் தலைக்கு வைத்து, வெறும் பலகையில் படுக்கிறேன். “தலையணை மந்திரம் ஓத ஆள் வர்றதுக்குள்ள தலையணையே போச்சே மாப்ளே!” என்று அறைக்கூட்டாளி வெல்டர் கேலி பண்ணுகிறான்.

பத்து வாங்கிவிட்டேன். பதினொன்றாவது மேனேஜர் உம்மணாமூஞ்சியுடையது. வியாழக்கிழமை போடுவார். வைகாசி முகூர்த்தத்தைத் தைரியமாகப் பேசி முடி. டீச்சர் வீட்டில் கேட்டால், மாப்பிள்ளை ஒரு கையெழுத்துத் தூரத்தில் நிற்கிறான் என்று சொல்.

உன் தம்பி


மார்ச் 25

தம்பிக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முழங்கால் வலி தவிர எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அதுவும் உன் கல்யாண வேலையில் ஓடினால் சரியாகிவிடும்.

வைகாசி இருபதுக்குப் பேசி முடித்துவிட்டேன். முப்பத்தாறு வயசில் உனக்குப் பெண் அமைந்ததே என் வாய் சாமர்த்தியம். டீச்சர் நிமிர்ந்து பார்த்துப் பேசுகிற பெண். “அவர் போட்டோவுல சிரிக்கவே இல்லையே, பல்லு இருக்கா?” என்று என்னையே கேட்டாள். நான் முப்பத்திரண்டும் இருக்கு என்று ஜாமீன் கொடுத்திருக்கிறேன். வந்து மானத்தைக் காப்பாற்று.

உன் அத்தானின் சைக்கிள் கடை நன்றாக நடக்கிறது. அங்கே இருந்து ஒரேயடியாக வந்துவிட்டாரே, அதுவே எனக்குப் போதும். உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டுப் பங்க்சர் ஒட்டப் போய்விட்டார். அவருக்கு எப்போதுமே வாயில் கொழுக்கட்டை.

வாலுவுக்கு ஐந்து வயசு முடிந்தது. அப்பா பெட்டியில் ஒரு சாவியைக் கண்டுபிடித்திருக்கிறாள். அறுபத்தொன்று என்று போட்ட பித்தளை வில்லை ஒன்று அதில் தொங்குகிறது. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கதவு, ஜன்னல், என் முழங்கால் எல்லாவற்றையும் திறந்து பூட்டுகிறாள்.

என்றைக்கு விமானம் என்று உடனே எழுது.

அக்கா


ஏப்ரல் 10

அத்தானுக்கு வணக்கம்.

கடை முகவரிக்கு எழுதுகிறேன். இது அக்கா கைக்குப் போகக் கூடாது.

மேனேஜர் கையெழுத்துப் போடவில்லை. என் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். போன நவம்பரில் நீங்கள் லீவில் போனபோது நான் போட்ட ஜாமீன். ஞாபகம் இருக்கிறதா? பாய்லர் முள் ஏறிக்கொண்டிருந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். “மச்சான், இதுல ஒரு கையெழுத்து” என்றீர்கள். நான் படிக்கக்கூட இல்லை. அக்கா புருஷனுக்குப் போடாத கையெழுத்தை வைத்து ஊறுகாயா போடப்போகிறேன்?

மேனேஜர் சொன்னதை வெல்டர் எனக்கு மொழிபெயர்த்தான். “ரெண்டு மாச லீவுன்னு போனான், வரலை. அவன் ஒப்பந்தம் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அவன் வந்து முடிக்கணும். இல்லேன்னா ஜாமீன் போட்ட நீ முடிக்கணும். ஒரு வருஷத்துக்குள்ள, நவம்பர் ஒம்பதுக்குள்ள வந்தான்னா சேத்துக்கறேன்.”

நீங்கள் ஒரேயடியாக வந்துவிட்டதாக அக்கா எழுதியபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. மேனேஜரிடம் எப்படியோ பேசி முடித்திருப்பீர்கள் என்று என்னை நானே சமாதானம் பண்ணிக்கொண்டேன். வாலு கழுத்தில் மாட்டியிருப்பது உங்கள் லாக்கர் சாவி. ஒரேயடியாகப் போகிறவன் அதை ஸ்டோரில் கொடுக்காமல் போக முடியாது. முதலில் அதை ஒளித்து வையுங்கள்.

அக்காவிடம் நான் சொல்லமாட்டேன். சொன்னால் ஒரு தட்டில் புருஷன், ஒரு தட்டில் தம்பி என்று அவள் தராசு பிடிக்க வேண்டிவரும். நீங்களே சொல்லுங்கள். அல்லது வந்துவிடுங்கள். அத்தான், எனக்கும் வயசு போகிறது.

மச்சான்


ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். இங்கே மேனேஜர் ஊரில் இல்லை. அதனால் பதினோராவது கையெழுத்து கொஞ்சம் இழுக்கிறது. மற்றபடி ஒன்றுமில்லை. மற்ற பத்தும் செத்துவிட்டன, புதுப் பாரம் வாங்கியிருக்கிறேன். தலையணையைத் திருப்பிக் கொடுத்தார்கள், மறுபடி வாங்கிக்கொள்வார்கள். வைகாசியைக் கொஞ்சம் தள்ள முடியுமா என்று நீ கேட்டுப்பார். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தம்பி


மே 18

தம்பிக்கு,

நலமா என்று கேட்க மனசு வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன். நலமா?

ஆவணிக்குத் தள்ளியாயிற்று. டீச்சரின் அப்பா கையில் காபித் தம்ளரை வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார். “ஒரு மேனேஜர் ரெண்டு மாசமாவா ஊர்ல இல்ல?” என்று கேட்டார். அவர் பக்கத்து உறவு ஒருத்தி, “அங்கேயே ஒரு குடும்பம் இருக்குமோ என்னவோ, யாரு கண்டா?” என்று என் காதில் விழும்படியே சொன்னாள்.

நீ எனக்குப் பொய் சொல்கிறவன் இல்லை. சின்ன வயசில் திருட்டு மாங்காய் தின்றாலும் கொட்டையை என்னிடம் கொண்டுவந்து காட்டுவாய். இப்போது உன் கடிதம் நாலே வரிதான். என்ன மறைக்கிறாய்? அங்கே ஏதாவது இருந்தால் சொல்லித் தொலை, அழுதுவிட்டு எழுந்து வேலையைப் பார்ப்பேன். ஒரு பெண்ணைக் காக்க வைக்காதே. எள்ளு எண்ணெய்க்குக் காயலாம், எலிப்புழுக்கை எதற்குக் காய வேண்டும் என்று அவர்கள் கேட்காமல் இருப்பார்களா?

உன் அத்தானிடம், நீங்களாவது உங்க பழைய மேனேஜருக்கு ஒரு வார்த்தை எழுதுங்க என்றேன். “பாக்கலாம்” என்றார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. உன்மேல் அவ்வளவு பாசம்.

அக்கா


ஜூன் 9

மச்சானுக்கு,

நலம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

சத்தியமாக இரண்டு மாதத்தில் திரும்புவதாகத்தான் வந்தேன். லாக்கரில் என் வேலைச் செருப்புகூட அங்கேயே இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால், உன் அக்கா வாசலில் நின்று “எத்தனை நாளு?” என்று கேட்டாள். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை, அதைத்தான் முதலில் கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் என் வாய், “ஒரேயடியா வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டது. பிறகு திருத்திக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

வாலு ஏழு வாரம் என்னை ‘அந்த மாமா’ என்றே கூப்பிட்டாள். நான் கிளம்ப நாலு நாள் இருந்தபோது தெருவில் ஒரு நாய் துரத்தியது. அவள் அம்மா என்று கத்தவில்லை. “அப்பா!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். அதோடு எனக்குப் போக முடியாமல் போய்விட்டது, மச்சான். பேடி என்று திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

சாவியை ஒளித்து வைத்துப் பார்த்தேன். வீடு இரண்டுபடும்படி அழுதாள். கொடுத்துவிட்டேன்.

கொஞ்சம் அவகாசம் கொடு. உன் அக்காவிடம் நல்ல நேரம் பார்த்துச் சொல்கிறேன்.

அத்தான்


ஜூலை 4

வணக்கம்.

நான்தான், டீச்சர். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெண் தானாகக் கடிதம் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாமல் குழம்புவதைவிட எழுதிக் கெட்ட பெயர் வாங்கலாம் என்று தோன்றியது.

எங்கள் வீட்டில் வேறு இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே உங்களுக்குக் குடும்பம் இருக்கிறது என்ற பேச்சை நான் நம்பவில்லை. குடும்பம் இருப்பவன் வெறும் பலகையில் படுக்கமாட்டான். உங்கள் தலையணைக் கதையை உங்கள் அக்கா படித்துக் காட்டினார்கள், விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் வகுப்பில் இருபது வருஷமாகச் சாக்குப்போக்கு கேட்கிற குடும்பம் எங்களுடையது, அப்பாவும் வாத்தியார்தான். மேனேஜர் ஊரில் இல்லை என்பது வீட்டுப்பாட நோட்டை மாடு தின்றுவிட்டது என்கிற ரகம்.

அந்தப் பாரத்தில் இருக்கிற பதினொரு கட்டத்தையும் எழுதி அனுப்புங்கள். எது எதற்கு யார் கையெழுத்து என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் அப்பாவிடம் வாதாட முடியும். நான் காத்திருக்கத் தயார். எதற்கு என்று தெரியாமல் காத்திருக்கத்தான் முடியாது.

நீங்கள் சிரிக்கிற மாதிரி ஒரு போட்டோவும் அனுப்பவும்.


ஜூலை 26

டீச்சருக்கு வணக்கம்.

சுகம். உங்கள் கடிதத்தைப் பாய்லர் அறையில் வைத்துப் படித்தேன். இப்போது நாலு மூலையும் சுருண்டுவிட்டது. நான் நாலாவது தடவையாகத் தலையணையை ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பூதக்கண்ணாடிகூட இந்த முறை கேலி பண்ணவில்லை. “எதுக்கும் மடிச்சுத் தனியா வைக்கிறேன், உன்னோடதுன்னு” என்றார்.

கேட்டபடி எழுதியிருக்கிறேன். ஒன்று, சமையற்கூடம், தட்டும் தம்ளரும். இரண்டு, ஸ்டோர், மெத்தை, கம்பளி, தலையணை. மூன்று, அதே ஸ்டோர், லாக்கர் சாவி, வில்லையோடு. அது இல்லாமல் ஒருத்தனும் இந்த ஊரை விட்டு ஒரேயடியாகப் போனதில்லை. நாலு, தீயணைப்பு. ஐந்து, மருந்தறை. ஆறு, தங்குமிடக் கண்காணிப்பாளர். ஏழு, பாய்லர் பொறுப்பு. எட்டு, சீருடை. ஒன்பது, அடையாள அட்டை. பத்து, நூலகம், இங்கே நூலகமே இல்லை, ஆனால் கையெழுத்துப் போட ஆள் இருக்கிறார். பதினொன்று, மேனேஜர்.

பதினொன்று ஏன் கிடைக்கவில்லை என்று கேட்காதீர்கள். என் தப்பு இல்லை. வேறொருவர் பேரைச் சொல்லி என் பேரைக் காப்பாற்றிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. ஆவணியும் போய்விடும். உங்கள் வீட்டில் வேறு இடம் அமைந்தால் நான் குறை சொல்லமாட்டேன். வயிறு எரியும், அது வேறு.

இதோடு போட்டோ வைத்திருக்கிறேன். வெல்டர் கிச்சுகிச்சு மூட்டி எடுத்தது.


செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஏன் எழுதவில்லை? முழங்கால் எப்படி இருக்கிறது? வாலுவுக்குக் காய்ச்சலா? மே மாதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. டீச்சரும் எழுதவில்லை. தினமும் தபால் வருகிற நேரத்தில் பாய்லரை வெல்டரிடம் விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். அவன், “ஒருநாள் இது வெடிக்கப்போகுது, அப்ப எல்லாருக்கும் ஒரேயடியா கிளியரன்ஸ்தான்” என்கிறான்.

என்மேல் கோபம் என்றால் திட்டியாவது எழுது. சும்மா இருக்காதே. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

தம்பி


செப்டம்பர் 21

தம்பிக்கு,

காய்ச்சல் யாருக்கும் இல்லை. எழுத உட்கார்ந்தால் திட்டாகவே வந்தது, அதனால் எழுதவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் டீச்சர் உன் பதினொரு கட்டத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சத்தமாகப் படித்தாள். “மூணு, லாக்கர் சாவி, வில்லையோட. அது இல்லாம ஒருத்தனும் ஒரேயடியா போனதில்ல.” அப்போது வாலு அந்தச் சாவியால் டீச்சரின் கைப்பையைத் திறந்துகொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த வில்லையைப் பார்த்தோம். டீச்சர் பேப்பரை மடித்தாள். “அண்ணி, நான் இன்னொரு நாள் வர்றேன்” என்று எழுந்து போய்விட்டாள். நல்ல பெண். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அதை என் குழந்தை கழுத்திலேயே தொங்க விட்டிருக்கிறீர்கள், மாமனும் மச்சானுமாக!

அவரைக் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னார். நாய் துரத்தியதையும் சொன்னார். கேட்டு அழுதேன், ஆனால் கோபம் போகவில்லை. “உன் தம்பி ஒண்டிக்கட்டை. ரெண்டு வருஷம் அவனுக்குப் பெருசில்ல, நமக்குக் குழந்தை இருக்கு” என்றார். இரண்டு வாரம் நான் அவரோடு பேசவில்லை. சமைத்து வைத்தேன், பேசவில்லை. எனக்கும் அவர் இருக்க வேண்டும், தம்பி. காலையில் அவர் கடைக் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டு எழுந்து பழகிவிட்டேன். இந்தக் காலத்திலா எனக்கு இந்தச் சோதனை என்று சாமியைத் திட்டினேன்.

கடைசியில் ஒன்றுதான் கேட்டேன். “நான் போங்கன்னு சொல்லல, இருங்கன்னும் சொல்லல. என் தம்பி கல்யாணப் பத்திரிகையில உங்க பேரை எந்த இடத்துல போடணும்னு நீங்களே சொல்லுங்க.” மறுநாள் கடையைத் திறக்கவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு பயண ஏஜெண்டிடம் போய்விட்டு வந்தார். அக்டோபர் இருபத்தாறு புறப்படுகிறார். டீச்சர் வீட்டில் ஐப்பசி கடைசி முகூர்த்தத்துக்குச் சம்மதித்துவிட்டார்கள். அவளே அப்பாவிடம் சண்டை போட்டிருக்கிறாள்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அவர்மேல் உள்ளதைவிட உன்மேல்தான் எனக்கு அதிகக் கோபம். என்னைத் தராசு பிடிக்க வைக்கக் கூடாது என்று அவருக்கு எழுதியிருக்கிறாய், படித்தேன். தராசு பிடிக்கத் தெரியாதவளா நான்? நாலு மாதம் உன்னைச் சந்தேகப்பட வைத்தாயே, அதற்கு வா, முதுகில் நாலு வைக்கிறேன்.

அக்கா


நவம்பர் 3

வாலுவின் அம்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். வழியில் நீ கட்டிக்கொடுத்ததைத்தான் சாப்பிட்டேன். உன் முழங்காலைப் பார்த்துக்கொள்.

இதற்குள் உன் தம்பி வந்து சேர்ந்திருப்பான். நாலு அடி வைத்திருப்பாய். நான் சேர்ந்த மறுநாளே மேனேஜர் பதினோராவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டார், அன்று சாயங்காலமே முத்திரையும் விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஸ்டோர் வாசலில்தான் சந்தித்தோம். அவன் தலையணையை ஒப்படைக்க நின்றான், நான் வாங்க நின்றேன். பூதக்கண்ணாடி அவனிடம் வாங்கி, திருப்பிப் பார்த்து, அதே தலையணையை என் கையில் கொடுத்தார். “ஒண்ணு வெளிய, ஒண்ணு உள்ள, சரியாப் போச்சு” என்றார்.

அவன் திட்டுவான் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். “அத்தான், பாய்லர் பக்கத்துக் கட்டில் வேணாம், வேக்காடு தாங்காது. ஜன்னல் பக்கம் சொல்லி வச்சிருக்கேன்” என்றான். அதற்கு அவன் என்னை அடித்திருக்கலாம். அங்கேயே அழுதுவிட்டேன். அவனும் அழுதான். வெல்டர் எங்களைப் பார்த்து, “பொண்ணு வழியனுப்புற வீடு மாதிரி இருக்கேய்யா!” என்றான்.

லாக்கரைத் திறந்தேன். என் செருப்பு, சீப்பு, போன வருஷத்துக் காலண்டர் எல்லாம் வைத்தபடி இருந்தன. நான் ஓடிவிட நினைத்துப் போகவில்லை என்பதை அந்தச் செருப்பைப் பார்த்தால் நீ நம்புவாய். கல்யாண போட்டோவில் என் இடத்தை விட்டுவிட்டு நில்லுங்கள் என்று சொல்லமாட்டேன். நெருங்கியே நில்லுங்கள்.

கிளம்பின அன்று நீ வாசலில் நின்றாய், எத்தனை நாள் என்று கேட்கவில்லை. போன தடவை கேட்டதற்கு நான் சொன்னது பொய். அதனால் இப்போது கேட்காமலே சொல்கிறேன். முழுசாக இரண்டு வருஷம். இடையில் லீவு கிடையாது. ஒருமுறை ஓடினவனுக்கு ஜாமீன் போட இங்கே யாரும் இல்லை, நானும் கேட்கமாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. வாலு மறுபடி ‘அந்த மாமா’ என்று கூப்பிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

சாவிக்காக அவள் பஸ் வரைக்கும் அழுதாளே, அவளிடம் இதைச் சொல். அப்பா வரும்போது சாவியைக் கொண்டுவரமாட்டேன். பெட்டியைக் கிளறட்டும், சட்டைப் பையைப் பார்க்கட்டும். எங்கேயும் சாவி இல்லையென்றால், அன்றைக்கு அப்பா ஒரேயடியாக வந்துவிட்டேன் என்று அர்த்தம்.

உன்
சைக்கிள் கடைக்காரன்